சொல்லத் துணிவு வேண்டுமா, சொன்னால் துணிவு வருமா? தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்களோடு ஒரு விளக்கம்

"மனசுல இருக்கறத வெளியே சொல்லுங்க" என்று கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் உதவி எண் விளம்பரங்களிலும் இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் "நம்ம வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது" என்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர், வலிப்பு நோயைச் சொல்லாமலே திருமணம் பேசப்படும் பெண், தன் பாலினம் ஊர் நினைப்பது இல்லை என்று உணர்ந்துவிட்ட பிள்ளை, கடனில் மூழ்கியதை மனைவியிடம் மறைக்கும் லாரி ஓட்டுநர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும் குழப்பம் ஒன்றுதான். சொன்னால் துணிவு வரும் என்கிறார்கள். சொல்வதற்கே துணிவு வேண்டுமே?

ஆராய்ச்சிகளும் தருமபுரி மண்ணில் நடந்தவையும் இதற்குத் தரும் பதில் தெளிவாகவே இருக்கிறது. நம்பத்தக்க ஒருவரிடம், தாங்கக்கூடிய அளவுக்குச் சொல்லி, அவர் அதைக் கேட்ட விதத்தைப் பார்த்த பிறகுதான் பெரும்பாலானோருக்குத் துணிவு உருவாகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எதை, யாரிடம், எப்போது சொல்வது என்ற முடிவு சொல்பவர் கையிலேயே இருக்க வேண்டும். அது பிறர் கைக்குப் போனால், அதே உண்மை ஆளையே நொறுக்கிவிடும்.

மறைப்பு எங்கே தொடங்குகிறது?

இந்த இரண்டு மாவட்டங்களிலும் எல்லோரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். இங்குள்ள பல ஆழ்துளைக் கிணறுகள் அதைத் தாண்டின. பல்லின் எனாமல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய 8 வயதுக்குள், அந்த நீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறியது. அது தேய்த்தால் போகாது. பல் துலக்காததால் வந்ததும் கிடையாது. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததற்கு இந்த ஃபுளோரைடுதான் காரணம்.

ஊரில் இருக்கும்வரை இந்தப் பற்களை யாரும் மறைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே பல்தான். பெங்களூருவில் வேலைக்கு நேர்காணல், சென்னையில் கல்லூரி விடுதி என்று கிளம்பும்போதுதான் சிரிக்கையில் கை வாய்க்குப் போகிறது, புகைப்படத்தில் உதடு மூடிக்கொள்கிறது. பல் அதேதான், பார்க்கிறவர்கள் மாறிவிட்டார்கள். வெட்கம் ஒருவருக்குள்ளே தானாக ஊறுவதில்லை, யார் நடுவில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அது வருகிறது, போகிறது. கட்டுரையின் மற்றதெல்லாம் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் இதில் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். பார்த்தாலே தெரியும் குறி, அதாவது பிறர் இழிவாக நினைக்கும் ஓர் அடையாளம், உள்ளவர் பிறருடைய பார்வையைச் சமாளிக்க வேண்டும். வெளியே தெரியாத குறி உள்ளவர் தகவலைச் சமாளிக்க வேண்டும். சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம், இவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்குமோ என்ற கணக்கு அவருக்குள் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். தொற்று, மனநோய், பாலின அடையாளம், நேர்ந்த வன்கொடுமை, கடன் எல்லாம் இந்த இரண்டாம் வகை. இனி வருவது அவர்களைப் பற்றியது.

மறைப்பதற்கு என்ன விலை?

மறைப்பதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேலை, வாடகை வீடு, மகளின் சம்பந்தம் என்று காப்பாற்ற வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. ரகசியம் தனியாக இருக்கும்போதுதான் அதிகம் வருத்துகிறது. மைக்கேல் ஸ்லெப்பியனும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. அடுத்தவர் முன்னால் ரகசியத்தைக் காக்கும் நேரம் சொற்பம். பேருந்தில் போகும்போதும் சமைக்கும்போதும் தூக்கம் வராமல் படுத்திருக்கும்போதும் மனம் தானாக அதனிடம் திரும்பும் நேரமே மிகுதி. நலக்குறைவோடு தொடர்புடையதாகத் தெரிந்ததும் இந்த இரண்டாவதுதான்.

2. அன்பு வந்து சேர்வதில்லை. இதைத்தான் மிகப் பெரிய இழப்பாக நான் நினைக்கிறேன். அம்மா பாசமாகப் பேசினாலும், நண்பன் தோளில் கை போட்டாலும், "உண்மை தெரிந்தால் இப்படி இருப்பார்களா" என்று உள்ளே ஒரு குரல் கழித்துக்கொண்டே வருகிறது. பாராட்டெல்லாம் வேறு யாருக்கோ போவதுபோல் இருக்கும். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் ஒருவர் தனியாக உணர்வதற்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது.

3. தன்னைப் போன்றவர்கள் கண்ணில் படுவதில்லை. ஒரே தெருவில் மூன்று வீடுகளில் ஒரே துயரம் இருக்கலாம். மூன்றும் மறைக்கப்படுவதால் மூவரும் "எனக்கு மட்டும்தான்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

4. உதவி தள்ளிப்போகிறது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று உள்ளூர் மருத்துவமனையைத் தவிர்த்து வேறு மாவட்டத்துக்கு மாத்திரை வாங்கப் போகிறவர், பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போவதால் ஒரு மாதம் விட்டுவிடுகிறார். விட்ட மாதத்தின் சுமை உடம்பில் ஏறுகிறது.

சொல்லும்போது உள்ளே என்ன நடக்கிறது?

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட சோதனை இதில் அடிப்படையானது. கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் தங்களை மிகவும் பாதித்த நிகழ்வை, நடந்ததோடு சேர்த்து அப்போது உணர்ந்ததையும் எழுதினார்கள். இவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனத்தது, இரத்த அழுத்தமும் ஏறியது. ஆனால் அடுத்த சில மாதங்களில் இவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சொன்னவுடனே லேசாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் இரண்டு நாட்கள் மோசமாகக்கூட இருக்கலாம், அதைக் கண்டு "சொன்னதே தப்பு" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அடுத்தது, இந்தச் சோதனையில் எழுதியதை யாரும் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை. சிதறிக் கிடந்ததை முன்பின் கோத்து வாக்கியமாக்குவதே ஒரு வேலையைச் செய்துவிடுகிறது. எனவே யாரிடமும் சொல்ல இப்போது வழியில்லாதவர்கூட, ஒரு நோட்டில் எழுதி, வேண்டுமானால் கிழித்தும் போடலாம்.

இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லும்போது இதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. மறைப்பவர் மனதில் ஓர் எதிர்பார்ப்பு இறுகிப்போயிருக்கும். "சொன்னால் எழுந்து போய்விடுவார், என்னைத் தொடமாட்டார், ஊருக்கே சொல்லிவிடுவார்." கேட்டவர் எழுந்து போகாமல், டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து "சரி, இப்போ சாப்பிட்டியா?" என்று கேட்டால் அந்த எதிர்பார்ப்பில் முதல் விரிசல் விழுகிறது. அடுத்தவரிடம் சொல்லும்போது பயம் இருக்கும், ஆனால் முன்பிருந்த அளவு இருக்காது. நாம் துணிவு என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் திருத்தப்பட்ட எதிர்பார்ப்பைத்தான். அதனால்தான் முதலில் கேட்பவர் இவ்வளவு முக்கியமாகிறார்.

வாச்சாத்தி: ஒருவர் கேட்டதிலிருந்து நீதிமன்றம் வரை

தருமபுரி மாவட்டத்தில் துணிவைப் பற்றிப் பேசினால் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியை விட்டுவிட முடியாது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றே அரசுத் தரப்பு முதலில் மறுத்தது.

அந்தப் பெண்கள் ஒரே நாளில் நீதிமன்றத்தில் போய் நிற்கவில்லை. வரிசையைக் கவனித்தால்தான் துணிவு எப்படி வளர்கிறது என்பது புரியும்.

முதலில் கேட்டவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தினரும். மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் அந்தப் பெண்களின் சொற்களைக் கேட்டுப் பதிவு செய்து மேல்மட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்து, தேசிய தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். அதிகாரத்தின் பக்கத்தில் இருந்தும் ஒருவர் நம்பினார் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ. வசம் ஒப்படைத்தது. பெண்கள் சம்பந்தப்பட்டவர்களை நேருக்கு நேர் அடையாளம் காட்டினார்கள். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் நின்றார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்ததால் 215 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றமும் நிரூபணமானது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார்.

முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள். அந்தப் பெண்கள் அவ்வளவு காலமும் பின்வாங்காமல் நின்றதற்கு அவர்களுடைய மனஉறுதி ஒரு காரணம். அதே அளவுக்கு வலுவான இன்னொரு காரணம், அவர்களில் யாரும் தனியாகச் சொல்லவில்லை என்பது. ஒருத்தி சொன்னது அடுத்தவளின் வாக்குமூலத்தால் உறுதிப்பட்டது. "உன்மேல்தான் தப்பு" என்று ஊர் சொல்ல இடமில்லாதபடி ஊரே கூட நின்றது. பாலியல் வன்கொடுமையைச் சொன்ன பெண் தன் சொந்த ஊரிலேயே ஒதுக்கப்படும் நாட்டில், இது எளிதில் நடப்பதில்லை.

அவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவின்படியும் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படியும் குற்றம். பாதிக்கப்பட்டவர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்தால் அது வேறு. சொல்லும் உரிமை அவருடையது என்பதைச் சட்டமே இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது.

நம்பிக்கை எப்படி வருகிறது?

துணிவும் நம்பிக்கையும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இரண்டும் வெவ்வேறு வழியில் வருபவை. நம்பிக்கையைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் சி. ஆர். ஸ்னைடர் அதில் இரண்டு கூறுகளைச் சொன்னார். போக வேண்டிய இடத்துக்கு வழி இருக்கிறது என்று தெரிவது ஒன்று, அந்த வழியில் என்னால் நடக்க முடியும் என்ற எண்ணம் மற்றொன்று. "எல்லாம் சரியாயிடும்" என்ற ஆறுதலில் இந்த இரண்டுமே கிடையாது. அதனால்தான் அது காதோடு நின்றுவிடுகிறது. வழியைக் காட்டக்கூடியவர் அந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்தான்.

எச்.ஐ.வி.யில் இது தெளிவாகத் தெரியும். இந்தியாவில் இந்தத் தொற்று 1986இல் சென்னையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. தொற்றோடு வாழும் பெண்களே சேர்ந்து 1998இல் ஓர் அமைப்பைத் தமிழ்நாட்டில் தொடங்கினார்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா தன் நிலையை வெளிப்படையாகச் சொன்ன முதல் பெண்களில் ஒருவர், அந்த அமைப்பை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால் அவர் பேசிய காலத்தின் இருட்டு புரியும். மருந்து எட்டாத நாட்களில் அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் கொடுக்க முடிந்தது உடன் இருப்பது மட்டுமே.

இன்று நிலைமை முற்றிலும் வேறு. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு, சிகிச்சையும் கண்காணிப்பும் இருந்தால் 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். இந்த எண்களைச் சுவரொட்டியில் படிப்பது ஒன்று. ஏ.ஆர்.டி. மையத்தின் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா, "எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு கண்ணு, என் பையனுக்கு நெகட்டிவ், பாலிடெக்னிக் படிக்கிறான்" என்று சொல்லிக் கேட்பது முற்றிலும் வேறு. ஸ்னைடர் சொன்ன வழி, நடக்க முடியும் என்ற எண்ணம் இரண்டும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. அந்த அக்கா தன்னைப் பற்றிச் சொன்னதால்தான் அது சாத்தியமானது.

குழுவின் வலிமையும் எல்லையும்

தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் அது ஆரம்பமானது. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது, ஆகவே அந்தத் தொடக்கத்தில் அதற்கும் பங்கு உண்டு.

நோக்கம் சேமிப்பும் கடனும்தான். ஆனால் 12 முதல் 20 பெண்கள் தவறாமல் வட்டமாக உட்கார்ந்து, "இந்த வாரம் என்னால கட்ட முடியல, வீட்டுக்காரர் வேலைக்குப் போகல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கணவன் பெயரால் மட்டுமே அறியப்பட்டவர்கள் தங்கள் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். சின்னதைச் சொல்லிப் பழகியவர்களுக்குத்தான் பெரியதைச் சொல்ல நாக்கு எழும். குழுக்கள் செய்த இந்த வேலை எந்தக் கடன் பதிவேட்டிலும் ஏறவில்லை, கடனைவிட அது குறைந்த பயன் என்று நான் நினைக்கவில்லை.

ஆனாலும் இதே குழுவில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. உறுப்பினர்கள் ஒரே தெரு, பல சமயம் ஒரே சாதி, உறவுக்காரர்கள். சொன்னது சாயங்காலத்துக்குள் நாத்தனார் காதுக்குப் போய்விடும். பணக் கஷ்டத்தைச் சொல்ல ஏற்ற இடம், தொற்றையோ பாலின அடையாளத்தையோ சொல்ல ஏற்றதாக இருக்காது. நிதி நிறுவனக் கடன் குழுக்களில் வசூலுக்கு வருபவர் மற்ற பெண்களின் முன்னால் ஒருத்தியின் நிலுவையைக் கத்திச் சொல்வது இதற்கு நேர் எதிரானது. அங்கே வெளிவருவது உண்மையாகவே இருந்தாலும், சொல்வது அவள் இல்லை.

சொல்வதும் சொல்ல வைப்பதும்

விபத்து, வன்முறை போன்ற பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்கார வைத்து, நடந்ததை முழுக்கச் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் பல நாடுகளில் பரவலாக இருந்தது. ஒரே அமர்வில் எல்லோருக்கும் கட்டாயமாகச் செய்யப்பட்ட அந்த முறையால் பலன் இல்லை, சிலருக்குத் தீங்கும் நேர்ந்திருக்கலாம் என்று பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. அருகில் இருப்பது, தேவையைக் கேட்பது, அவர் பேச விரும்பினால் கேட்பது என்பதே இன்றைய முதலுதவி.

எனவே "சொல்லிடு, சொன்னாத்தான் சரியாகும்" என்று நெருக்குவது அன்பால் செய்தாலும் தவறு. நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர் மனம்விட்டுப் பேசியதும், "நீயும் சொல்லு" என்று அடுத்தவரைத் திரும்பிப் பார்ப்பதும் அந்த வகைதான்.

சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

பலருக்கும் தெரியாத பகுதி இது.

1. எச்.ஐ.வி. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் மற்றவர் வெளியிடுவதைச் சட்டத்தில் குறிப்பிட்ட சில சூழல்களில் மட்டுமே அது அனுமதிக்கிறது. வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. பரிசோதனை செய்தால்தான் வேலை என்று ஓசூரில் உள்ள தொழிற்சாலையோ வேறு எந்த நிறுவனமோ நிபந்தனை போட முடியாது. துணைவரிடம் மருத்துவர் தெரிவிப்பதற்கும் விதிமுறை உண்டு. அப்படிச் சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது என்கிறது சட்டம். அதே நேரம், தன் நிலை தெரிந்தவர் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் கடமையையும் அது விதிக்கிறது.

2. மனநலம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே "போலீஸ் கேஸ் ஆகிடும்" என்ற பயத்தில் மருத்துவரிடம் மறைக்கத் தேவையில்லை.

3. பாலின அடையாளம். 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரின் பாலினத்தை அவரே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. பிள்ளை சொன்னவுடன் "சரிபண்ணிடலாம்" என்று வைத்தியத்துக்கு இழுத்துப் போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலினத்தையோ பாலீர்ப்பையோ மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. மருத்துவர் அதைச் செய்வது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்துவிட்டது.

4. 18 வயதுக்குக் கீழே. இங்கே மட்டும் ரகசியம் காப்பதாக யாரும் முழு வாக்குக் கொடுக்க முடியாது. குழந்தை ஒன்று தனக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தைச் சொன்னால், கேட்டவர் ஆசிரியரானாலும் மருத்துவரானாலும் பக்கத்து வீட்டுக்காரரானாலும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைத் திருமணங்கள் இன்னும் நடக்கும் இந்த மாவட்டங்களில் இது அடிக்கடி எழும் சிக்கல். கருவுற்ற சிறுமிகள் இதற்குப் பயந்தே மருத்துவமனையைத் தவிர்க்கிறார்கள். 18 வயதுக்குக் கீழானவர் சம்மத உறவில் கருவுற்றுக் கருக்கலைப்புக்கு வந்தால், அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொள்ளும்போது அவரது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் காவல்துறைக்குத் தர வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே குழந்தையிடம் "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுக் கேட்காதீர்கள். "உனக்கு உதவ வேண்டியவங்க ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், உன்கூட நானும் இருப்பேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

முதலில் யாரிடம்?

மிக நெருங்கியவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கட்டாயமில்லை. அவருக்கு இழப்பும் அதிர்ச்சியும் அதிகம், அதனால் முதல் பதில் கடுமையாக வரலாம். ஆள் தேடும்போது மூன்று கேள்விகள் போதும். மற்றவர்களின் ரகசியத்தை இவர் என்னிடம் கொட்டியிருக்கிறாரா? கொட்டியிருந்தால் என்னுடையதும் கொட்டப்படும். என் சோறும் கூரையும் இவர் கையில் இருக்கிறதா? இருந்தால், அவர் கோபப்பட்டாலும் தங்க வேறு இடம் உறுதியான பிறகு சொல்லலாம். இதே போன்ற வேறொருவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது இவர் என்ன சொன்னார்? செய்தியில் வந்த ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

முழுவதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதும் இல்லை. "கொஞ்ச நாளா ஒரு விஷயம் மனசுல இருக்கு, இப்போ முழுசா சொல்ல முடியல" என்று மட்டும் சொல்லி, அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்கலாம். இரவில் கோபத்திலோ அழுகையிலோ கைப்பேசியில் தட்டி அனுப்புவதைத் தவிர்ப்பது நல்லது. ஒருவருக்கு அனுப்பியது ஒரே நிமிடத்தில் நூறு பேருக்குப் போகும், திரும்பி வராது.

திருமணம் பேசும் இடத்தில் மட்டும் கணக்கு வேறு. வலிப்பு, தொற்று, மனநோய்க்கான மருந்து போன்றவற்றை மறைத்துச் செய்யும் திருமணத்தில் ஏமாற்றப்படுவது இன்னொரு உயிர். அங்கே ரகசியம் காக்கும் உரிமைக்கு எதிரே அவருடைய உரிமையும் நிற்கிறது. நிச்சயத்துக்கு முன்பே, பெரியவர்கள் வழியாகச் சுற்றி வளைக்காமல், சம்பந்தப்பட்ட இருவரும் நேரில் பேசிக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் சரியான மருந்தால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்ற தகவலையும் அந்தப் பேச்சுக்குக் கையோடு எடுத்துப் போகலாம்.

கேட்பவர் செய்ய வேண்டியது

"ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். அது அவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்றும் சொல்ல வேண்டாம், அவருக்கு அது பல ஆண்டுப் பாரம். உங்கள் பெரியப்பா மகனின் கதையை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். "சொன்னதுக்கு நன்றி. இது வேற யாருக்குத் தெரியும்? நான் யார்கிட்டயாவது பேசணுமா, வேண்டாமா?" என்று கேட்டால் போதும். மூன்று நாள் கழித்து நீங்களாகவே ஒரு முறை போன் செய்து சாதாரணமாகப் பேசுங்கள். சொன்னவர் அந்த மூன்று நாளும் "இனி என்னிடம் பேசுவாரா" என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

பெயர் சொல்லாமலே பேச

சுற்றத்தில் ஒருவரும் தேறவில்லை என்றால் முதல் ஆள் முன்பின் தெரியாதவராகவே இருக்கலாம். மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. எச்.ஐ.வி. பற்றி அறிய 1097. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆற்றுப்படுத்துநர் தனியறையில் பேசுவார். உள்ளூரில் தெரிந்த முகம் இருக்குமென்று தயங்குபவர் வேறு ஊர் மையத்துக்குப் போக எந்தத் தடையும் இல்லை. சிகிச்சை தொடங்கிய பிறகு பக்கத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு, கேட்டால் ஏ.ஆர்.டி. மையத்திலேயே எழுதிக் கொடுப்பார்கள்.